அரை ராத்தல்

அண்ணே,

பக்கத்து வீட்டுப் பிள்ளை நேற்று வயதுக்கு வந்துவிட்டாள். இன்று காலையில் அவர்கள் உளுந்தங்களி கிண்டும் வாசனை சுவர் தாண்டி வந்தது. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்து சூடாகிற வாசனை. நான் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது. மேலகரம் முழுக்கச் சாரல். எல்லையில் நீ இறந்துபோனதாகப் போன புரட்டாசியில் தந்தி வந்தது. அதற்குப் பிறகு வருகிற முதல் சாரல் இது. தந்தி வந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை.

நான் வயதுக்கு வந்தபோதும் இப்படித்தான் கிண்டினார்கள். அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. கொல்லையில் குச்சில் என்று ஒரு சின்ன ஓலைக் குடிசை கட்டி என்னை உட்கார வைத்தார்கள். மாமா ஒரு கூடை முட்டையும் எண்ணெயும் கொண்டுவந்தார். காலையில் பச்சை முட்டையைக் குடித்துவிட்டு, அதே ஓட்டில் நல்லெண்ணெய் ஊற்றிக் குடிக்க வேண்டும். மத்தியானம் களி. எனக்கு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது.

அப்போதுதான் நீ பட்டாளத்து ஆள் எடுப்பில் தோற்றுத் திரும்பியிருந்தாய். ஓட்டத்தில் முதலில் வந்தும் எடை போதவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இருப்பது ஒரே மகன், அவனை எடுக்கவில்லை என்று அம்மா அன்றைக்குச் சாமிக்கு விளக்கு ஏற்றினாள். நீ விடவில்லை. அடுத்த தடவை எடுப்பார்கள் என்று விடியும் முன்பே அருவி வரைக்கும் ஓடிப்போய்த் திரும்புவாய். வந்து சாப்பிடுவது பழையதும் பச்சை மிளகாயும்.

ஒருநாள் குச்சிலுக்கு வெளியே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய்.

"ஓட ஓட ஒடம்பு கரையுதுட்டி. திங்கிறது பத்தல."

"முட்டை வேணுமா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, அது ஒனக்குள்ளது. ஒன் இடுப்பெலும்புக்கு."

"ஒனக்குத்தான எடை வேணும்."

நீ ஓலைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாய். பிறகு, "தீட்டுல்லா?" என்றாய்.

"முட்டை ஓட்டுக்குள்ள தீட்டு போகுமா?"

நீ சிரித்துவிட்டாய். ஓலைக்குக் கீழே கையை நீட்டினாய். முட்டை, எண்ணெய், மத்தியானக் களி, எல்லாம் அந்த வழியாகத்தான் உன் கைக்கு வந்தது. "இந்த எண்ணெய ஊத்துனா வண்டி அச்சே சத்தமில்லாம ஓடும், நா ஓட மாட்டனா" என்பாய். களியின் நடுவில் எண்ணெய்க்காக அம்மா பறித்த குழியை விரலால் வழித்து நக்குகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

தீட்டுக் கழிந்து குச்சிலை எரித்த பிறகும் எனக்குக் களியும் முட்டையும் தொடர்ந்தன. நீயும் தொடர்ந்தாய். ஓடி வந்ததும் உப்புப் போட்ட நீராகாரம் எடுத்துத் தருவேன். நீ அவசரப்பட மாட்டாய். "வாயில வச்சு நனைச்சு நனைச்சு முழுங்கணும். மடமடன்னு குடிச்சா வெலாவுல குத்தும்" என்று எனக்கும் சொல்லித் தந்தாய். எங்கேயும் ஓடாத எனக்கு.

அடுத்த ஆள் எடுப்புக்குப் பாளையங்கோட்டைக்குப் போனாய். ராத்திரி வந்து, அம்மா காதில் விழாமல் என்னிடம் சொன்னாய். முதலில் ஓட்டமா, எடையா என்று யாருக்கும் தெரியவில்லையாம். வயிற்றில் தண்ணீரோடு ஓட முடியாது, தண்ணீர் இல்லாமல் எடை நிற்காது. ஓட்டம்தான் முதலில் என்று தெரிந்ததும் நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு ஓடினாய். முடிந்ததும் குழாயடியில் உட்கார்ந்து, வாழைப்பழமும் தண்ணீருமாக உள்ளே தள்ளினாய்.

"நடந்தா குளுக்கு குளுக்குன்னு சத்தம் கேக்குதுட்டி. டாக்டர் வயித்த அமுக்கிட்டு, 'உள்ள என்னலே, கொளம் வெட்டிருக்கியா?'ங்காரு."

கேட்ட எடைக்கு அரை ராத்தல் கூடுதலாக நின்றாய். எடுத்துவிட்டார்கள்.

அம்மா மறுநாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அதுவும் இரண்டு வேளைதான். பிறகு உனக்கு அரிசி மாவு வறுத்து, கருப்பட்டி சேர்த்து டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். பட்டாளத்திலிருந்து நீ எழுதினாய்: "இங்கே முட்டையை அவித்துத் தருகிறார்கள். எண்ணெய் கிடையாது. ருசி இல்லை."

நான் சில நேரம் இதை நினைப்பேன். அந்த அரை ராத்தல் தண்ணீரா, களியா? தண்ணீர் என்றால் அன்று சாயங்காலத்துக்குள் உன்னை விட்டுப் போயிருக்கும். களி என்றால் எல்லை வரைக்கும் உன்னோடு வந்திருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. தெரிந்தாலும் ஒன்றுமில்லை.

மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் களி வந்தது. அம்மா அதை வாங்கி நடுவில் குழி பறித்து, எண்ணெய் ஊற்றி என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதையாவது நீ தின்னு" என்றாள்.

என் பங்கை உனக்குக் கொடுத்தது அம்மாவுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. கிண்ணத்தில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். களி தொண்டையில் நின்றது. செம்பை எடுத்து, வாயில் வைத்து நனைத்து நனைத்து விழுங்கினேன்.