டென்சில் சமாதானமான வாரம்

கோரமண்டல், கோலார் தங்கவயல்
5.2.2024, திங்கள்

கர்த்தருக்குள் பிரியமான ஃப்ளோராவுக்கு, ஐடா அண்ணியின் ஸ்தோத்திரம்.

காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வரும் ஏசுபாதம் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். என் போனில் வரும் பொடி எழுத்தை வாசித்துக் காட்டுவதே தம்பி டென்சில்தான்; அதனால்தான் காகிதம்.

உன் புருஷனைப் பற்றி நல்ல செய்தி. நீ போனதிலிருந்து படுத்தே கிடந்தவன், ஒரு வாரமாக எழுந்து குளிக்கிறான். நேற்று திருவிருந்து ஞாயிறு. அதற்கு முன்னால், சண்டை போட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். எட்மண்ட் மாமாவிடம்கூட! தான் வாசிக்கிற கீபோர்டைப் பாடகர் குழுவுக்கே கொடுத்துவிட்டான். போதகர் பிரசங்கத்தில் புகழ்ந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பைபோலார் மனநோய் என்று சொன்ன டாக்டர் மாதாமாதம் ஒரு கேள்வி கேட்பாரே, அதற்கு "அதெல்லாம் இல்ல டாக்டர்" என்று நானே சொல்லிவிடுகிறேன். சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுப்பானேன்.

நீ அவனை விட்டுப்போனதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என் வாய் சும்மா இருக்காது.

ஐடா

பெங்களூரு
5.2.2024, மதியம்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வாசித்ததும் உங்கள் போனுக்கு அடித்தேன். அவர்தான் எடுத்தார். "நல்லா இரு ஃப்ளோரா" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னை அவர் ஒருநாளும் அப்படி வாழ்த்தியதில்லை.

கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் அவர் கத்தாமல் யாரிடமும் சமாதானமானதில்லை. கத்துகிற நாட்களில் எனக்குப் பயம் குறைவு. இப்படித் திடீரென்று அமைதியாகி, பொருளையெல்லாம் தூக்கிக் கொடுத்த வாரம் முன்பும் ஒன்று வந்தது. அந்த வாரக் கடைசியில்தான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உங்களிடம் காய்ச்சல் என்றேன். அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

இது உண்மையிலேயே குணமானதாகவும் இருக்கலாம். கேட்காமல் யாருக்கும் தெரியாது. "அப்படியெல்லாம் நினைக்கலியே?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் வரும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வராது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். மாத்திரைகளை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இன்று அவரைத் தனியாக விடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

நானே ஓடி வருவேன். ஆனால் என்னைப் பார்த்தால் அவர் மனம் எந்தப் பக்கம் திரும்பும் என்று பயம்.

ஃப்ளோரா

ஆஸ்பத்திரி
7.2.2024, புதன்

ஃப்ளோரா கண்ணு,

திங்கள் ராத்திரி ஏசுபாதம் அண்ணன் உன் கடிதத்தைத் தந்தபோது டென்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோறு போடுகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, நீ எழுதியபடியே கேட்டேன்.

"இன்னாக்கா, இப்பத்தான் கேக்கணும்னு தோணிச்சா?"

அப்புறம், "ஆமா. நாளும் பாத்துட்டேன்" என்றான்.

பாதிச் சாப்பாட்டில் எழுப்பி, பக்கத்து வீட்டு ஜெயகரனின் ஆட்டோவில் கூட்டிவந்துவிட்டேன். வழியெல்லாம் அவன் கையை விடவில்லை. டாக்டர் கேள்வி கேட்டபோது, இந்தத் தடவை நான் எழுந்து வெளியே போய் நின்றேன். அவன் அரை மணி நேரம் பேசினான். அட்மிட் செய்திருக்கிறார்கள். ஆபத்து தீர்ந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அடிக்கடி கேட்க வேண்டுமாம்.

ஒரு தடவை கேட்டதற்கே எனக்கு இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. இதை நீ ஒன்பது வருஷம் தன்னந்தனியாகக் கேட்டிருக்கிறாய். நானோ உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று குழாயடி முழுக்கச் சொல்லிவைத்தேன்.

முடிந்தால் வா. அவனை நீ பார்க்க வேண்டாம். என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ.

உன் அண்ணி,
ஐடா