சொம்புக்குள் கடிகாரம்

என்னங்க,

நீங்கள் குளிக்கப் போன கொள்ளிடத்துக் கரை மணலில் குளிக்கும்போதும் கழற்றாத உங்கள் பழைய கைக்கடிகாரம் கிடைத்தது. கடிகாரம் பழுதுபார்க்கிற கையாயிற்றே, திருமானூர் போலீஸ் ஸ்டேஷனில் நானே அதைத் திறந்தேன். “உள்ள ஈரமே இல்லம்மா. அவரு ஆத்துல எறங்கவே இல்ல, எங்கயோ போயிருக்காரு,” என்றார் ஏட்டு.

வேர்வை இறங்குகிறது என்றீர்களே, அதற்காகச் சாவி கொடுக்கும் திருகின் குழாயை மாற்றிப் பசை வைத்து அடைத்தவளே நான்தான். அடைப்பு சரியாக இருந்தால் ஆற்றோடு போனாலும் உள்ளே ஈரம் ஏறாது. அதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சொம்புத் தண்ணீரில் போட்டேன். என் வேலை மோசமாக இருக்கட்டும், தண்ணீர் உள்ளே போகட்டும், அப்போதுதான் ஏட்டு சொன்னது உண்மையாகும் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

இப்போதுதான் திறந்து பார்த்தேன். ஈரமே இல்லை.

மூடி, மறுபடியும் போட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி