சலங்கை சத்தம்

ஞாயிறு, இரவு.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இன்று அந்தோணி வீட்டுக் கக்கூஸில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவனுடைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் பாட்டு மங்கிவிட்டது, சலங்கை சத்தமே வரவில்லை என்று கூப்பிட்டிருந்தான். "உன்ன மாதிரியே வால்வும் கெய்வனாயிடுச்சுடா" என்று சொல்லிக்கொண்டே புதுக் கண்ணாடி வால்வுகளை மாட்டினேன். சலங்கை கணீரென்று கேட்டது.

"இன்னா மாமு, சலங்கையே காணோம்?" என்றான்.

சந்தேகப்பட்டுப் பழைய வால்வுகளையே திரும்ப மாட்டினேன். அப்போதும் கணீர்தான். அவன் மனைவி ஸ்டெல்லா சமையலறையிலிருந்து, "சலங்க இங்க வரிக்கும் கேக்குது, கொறச்சு வைண்ணே" என்றாள். அதுவும் அவனுக்குக் கேட்கவில்லை.

அவன் ஹார்பரில் காதைப் பிளக்கும் விஞ்ச் இயந்திரம் ஓட்டிய காலத்திலிருந்து அவனை "டேய் செவுடு" என்றுதான் கூப்பிடுவேன். இன்று அந்த வார்த்தை வாயில் வரவில்லை. கக்கூஸிலிருந்து வந்து, புதியவற்றையே மறுபடி மாட்டிவிட்டேன்.

"புது வால்வு மாமு, செட்டாவ கொஞ்ச நாளாவும்" என்றேன்.

"அப்பால கேக்கும்ல?"

"கேக்கும்டா."

பழையவற்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்து நொறுக்கிவிட்டேன். எல்லாமே நல்ல வால்வுகள்.