வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படித்து எனக்குத்தான் தலை சுற்றுகிறது. டிசம்பருக்குள் முன்பணம் கட்டினால் சலூனை உனக்கே விட்டுவிடுகிறேன் என்று முதலாளி சொல்கிறார். நீயோ, எதிர்க்கடைக்காரர் பைக்கைப் பழுதுபார்க்கப் பாதிச் சம்பளத்தைத் தூக்கிக் கொடுத்ததாக அதே கடிதத்தில் எழுதுகிறாய்! ஊரார் தலையெல்லாம் உன் கையில். உன் தலையில் மட்டும் எல்லோரும் மிளகாய் அரைக்கிறார்கள்.

உன் வாயில் 'இல்லை' வராது, தெரியும். இனி யார் கேட்டாலும், "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று சொல். சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கை வங்கியில் போட்டுவிட்டு, மிச்சத்தில் செலவு செய்.

உன் செல்லத் தங்கை

ஏப்ரல் 9

அன்புள்ள தங்கச்சி,

வீட்டில் நானும் பூனையும்தானே, யாரைக் கேட்பது? இருந்தாலும் பைக்குக்கு மறுபடி பணம் கேட்டபோது சொல்லிப் பார்த்தேன். "உனக்கு எப்பப்பா கல்யாணம் ஆச்சு?" என்றார் எதிர்க்கடைக்காரர். கத்தரியைக் கீழே போட்டுவிட்டேன்.

சொன்ன சொல் தவறக்கூடாதே என்று பூனையிடம் நிஜமாகவே கேட்டேன். "டயர் மாத்தணுமாம். குடுக்கலாமா?" வாய்விட்டுச் சொன்னபோதுதான் உறைத்தது, போன தடவை அவர் வாங்கியதே இன்னும் திரும்பி வரவில்லை. பூனை எழுந்து போய்விட்டது. நானும் கொடுக்கவில்லை. அவர் மறுநாள் வழக்கம்போல் சவரம் செய்துகொள்ள வந்தார். இத்தனை வருஷமும் எதற்குப் பயந்தேனோ!

வங்கியில் போட ஆரம்பித்துவிட்டேன்.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணா,

ஓர் உதவி. நல்ல சோபா ஒன்று தள்ளுபடியில் வந்திருக்கிறது. தவணையே வேண்டாம் என்கிறார் உன் மாப்பிள்ளை. அடுத்த வாரம் நாத்தனார் வருகிறாள். பழைய சோபாவில் ஸ்பிரிங் குத்துகிறது. நீ சேர்த்ததில் கொஞ்சம் கொடேன். அடுத்த வருஷம் தந்துவிடுகிறேன். நான் என்ன எதிர்க்கடைக்காரியா?

உன் தங்கை

ஆகஸ்ட் 17

அன்புள்ள தங்கச்சி,

வீட்டில் கேட்டேன். வேண்டாம் என்கிறது.

இதை எழுதுவதற்குள் எத்தனை தாளைக் கிழித்தேன் தெரியுமா? நீ கேட்டு நான் மறுப்பது இதுதான் முதல் தடவை. அம்மா போனபின் எனக்கென்று இருப்பவள் நீ ஒருத்திதான். கோபித்துக்கொள்ளாதே. ஸ்பிரிங் குத்தும் இடத்தில் தலையணை போடு. இல்லாவிட்டால் நாத்தனாரை அங்கே உட்கார வை.

உன் அண்ணன்

செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணா,

உன்னோடு பேசுவதே இல்லை என்றுதான் இருந்தேன். நானே சொல்லிக்கொடுத்து நானே வாங்கிக் கட்டிக்கொண்டதை நினைத்து, பாத்திரம் கழுவும்போது சிரித்துவிட்டேன். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, எனக்கே 'வேண்டாம்' சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாய். பெருமையாக இருக்கிறது அண்ணா.

நாத்தனார் சோபாவைக் கவனிக்கவே இல்லை. வந்த களைப்பில் அதிலேயே படுத்துத் தூங்கிவிட்டாள்.

சோபாவுக்கென்று நான் சேர்த்திருந்த கொஞ்சத்தை உன் கணக்கில் போட்டிருக்கிறேன். கடன் இல்லை, கடைக்கு என் பங்கு. வாங்கிக்கொள்ளலாமா என்று வீட்டில் கேள். இந்த முறை சரி என்றுதான் சொல்லும்.

உன் செல்லத் தங்கை