ஆடும் முன்பே கட்டிய பிளக்ஸ்

மாப்ள,

நேற்று மதியம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மொட்டை மாடியில் வாஷிங் மெஷின் நனைகிறது என்று கீழிருந்து என் மனைவி சத்தம் போட, பரணில் கைக்கு அகப்பட்டதை இழுத்துக்கொண்டு ஓடினேன். விரித்துப் போட்ட பிறகுதான் பார்த்தேன், நம் பிளக்ஸ். மெஷினின் மூடிக்கு நேர் மேலே நீ பந்தோடு சிரித்துக்கொண்டிருந்தாய். நான் பின்பக்கம், தண்ணீர்க் குழாய் தொங்குகிற இடத்தில் மடங்கிக் கிடந்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அப்படியும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இங்கேயும் இவன்தான் நடுவிலா என்ற பழைய வயிற்றெரிச்சல்தான் வந்தது.

நம் ஊரில் காதுகுத்துக்கும் பிளக்ஸ், கார் வாங்கினாலும் பிளக்ஸ். ஆனால் இன்னும் ஆடாத ஆட்டத்தில் ஜெயித்துவிட்டதாகப் பிளக்ஸ் அடித்தவர்கள் நாமாகத்தான் இருப்போம். 'இறுதிப் போட்டியில் களம் காணும் பசுமலைச் சிங்கங்களே, வருக வருக!' அரையிறுதியே அன்று மாலைதான். கூடைப்பந்து லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத திமிர் நமக்கு. பேருந்து நிலையத்து டீக்கடைவரை நாம்தான் கோப்பை வாங்குவோம் என்று பேச்சு.

நீ மட்டும்தான் வேண்டாம் என்றாய். "ஆடிட்டு அடிப்போம் மாப்ள."

"ஆடி முடிக்கிறதுக்குள்ள பிளக்ஸ் கடைய பூட்டிருவாய்ங்கடா" என்று சொல்லி, கேப்டன் என்ற முறையில் நானே போய் ஆர்டர் கொடுத்தேன். அச்சாகி வந்ததைப் பார்த்தால் நீ நடுவில் ஆளுயரத்துக்கு நிற்கிறாய். கேப்டன் நான் கீழ் மூலையில், வாழ்த்தும் நண்பர்களுக்குப் பக்கத்தில், ஸ்டாம்பு அளவில். கடைக்காரரிடம் கேட்டேன். "அவரு போட்டோதாண்ணே தெளிவா இருந்துச்சு. நீங்க குடுத்தது கல்யாண ஆல்பத்துல வெட்டுனது மாதிரி இருக்கு" என்றார். கல்யாண ஆல்பத்தில் வெட்டியதுதான். மாலையின் ஒரு ஓரம்கூடத் தெரிந்தது.

சிரித்துவிட்டுப் போகவேண்டிய விஷயம். என்னால் முடியவில்லை. உன்மேல் எனக்குப் பொறாமை அன்று தொடங்கியதல்ல என்பதால்தான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நான் ஒரு மணி நேரம் பயிற்சி செய்து போடுகிற ஷாட்டை, நீ கைலி மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பேசிக்கொண்டே போட்டுவிட்டுப் போவாய். என் அம்மாகூட "ஒன் கூட்டாளி ஆடுனான்னா ஆட்டம் சூப்பருல்ல" என்பாள்.

விருதுநகர் அணி நாலு மணிக்கு வந்தது. மைதானத்து வாசலில் கட்டியிருந்த பிளக்ஸுக்கு அடியில்தான் அவர்கள் நுழைய வேண்டும். முட்டியில் துணி சுற்றிய அவர்கள் கேப்டன் அண்ணாந்து நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நம் பையன்கள் சிரித்தார்கள், நானும்தான். நீ மட்டும் ஷூ லேஸைக் குனிந்து கட்டிக்கொண்டே இருந்தாய்.

கடைசிப் பன்னிரண்டு நொடி உனக்கு நினைவிருந்திருக்கும். ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். அவர்கள் கேப்டன் முட்டி வலி தாங்காமல் வெளியே போய், முகத்தைத் துண்டால் மூடி உட்கார்ந்திருந்தார். பந்து என் கையில். என்மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். நீ கிழக்கு ரிங்குக்குக் கீழே தனியாக நின்றாய், ஒருத்தன்கூடப் பக்கத்தில் இல்லை. இடது கையை நெற்றிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு வலது கையைத் தூக்கி, "மாப்ள, இங்க" என்றாய். நான் தரவில்லை. நானே அடித்தேன். பந்து ரிங்கில் பட்டு வெளியே போனது.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றும் தெரியவில்லை. கையில் தட்டினான், ஃபவுல் என்று நடுவரின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினேன். நான் உதைத்த பந்து காம்பவுண்டைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தது. கை கொடுக்க வரிசையாக வந்த விருதுநகர்ப் பையன்கள் முன்னால், "ஒருத்தனும் கை குடுக்கக் கூடாது, வாங்கடா" என்று நம் அணியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பத்துப் பேர் என் பின்னால் வந்தார்கள். நீ வரவில்லை.

எதிரே டீக்கடையிலிருந்து பார்த்தேன். ஒருவர் விடாமல் கை கொடுத்தாய். நடுவரிடமும் போய் ஏதோ சொன்னாய், அவர் உன் தோளைத் தட்டினார். பிறகு எங்கிருந்தோ ஒரு ஸ்டூலை எடுத்து வந்து அதன்மேல் ஏறி, பிளக்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாய். அந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று மற்றவர்களிடம் கேட்டேன். முட்டியில் துணி சுற்றிய விருதுநகர் கேப்டன்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டினீர்கள்.

மறுநாள் உன்னிடம் வந்து, "அவய்ங்களோட ஒனக்கு என்னடா கொஞ்சல்?" என்றேன்.

"கயிறு அவுக்குறப்ப ஸ்டூலு ஆடுச்சு. பிடிக்க ஆளு வேணும்ல? நீ வரல" என்றாய்.

அவ்வளவுதான் நீ என்னைக் கண்டித்தது. ஏன் பாஸ் தரவில்லை என்று அன்றும் கேட்கவில்லை, பிறகு பதினான்கு வருடத்தில் ஒருமுறையும் கேட்கவில்லை. நீ கேட்டிருந்தால் சண்டை போட்டாவது அதை முடித்திருப்பேன்.

ஆனால் அந்த ஸ்டூலில் ஒரு சிநேகம் முளைத்துவிட்டது. உன் மகள் காதுகுத்துக்கு அழகர்கோவிலில் நான் போய்ச் சேருமுன் விருதுநகர்க்காரர் வந்து பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். நீ புது வண்டி எடுத்தபோது பின்னால் உட்கார்ந்து முதலில் போனதும் அவர். நேரில் பார்த்தால் 'வாங்கண்ணே' என்பேன், மனதுக்குள் அவன் இவன்தான். ஐந்தாம் வகுப்பிலிருந்து உன்னோடு இருந்தவன் நான், ஒரே ஒரு மாலையில் வந்தவர் அவர். நான் வீடு கட்டியபோது நீ இந்தப் பிளக்ஸைக் கொண்டுவந்து, "சிமெண்ட் மூட்டைக்குப் போடு, எம்புட்டு மழைக்கும் தாங்கும்" என்றாய். அன்றும் வண்டியை ஓட்டி வந்தவர் அவர்தான்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் அவர் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். கண் சிவந்து கிடந்தது. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை, என்னைவிட அதிகமாக அழுதிருக்கிறாரே என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அண்ணே, நீங்க அன்னைக்கு பாஸ் குடுக்காதத எங்க டீம்ல அம்புட்டுப் பேரும் பேசுவாய்ங்க. நான் ஒருநா அவர்ட்டயே கேட்டுட்டேன், ஏன் ஒங்க ஆளு குடுக்கலன்னு. 'வெயிலு அவன் கண்ணுல நேரா அடிச்சிருச்சு, நான் நின்னது தெரியல. தெரிஞ்சா எனக்குக் குடுக்காம இருப்பானா?'ன்னாரு. அதுக்கப்புறம் எவனாச்சும் ஒங்களப் பேசுனா நான் விடமாட்டேண்ணே."

"ஆமாண்ணே, வெயிலு" என்றேன். ரசம் ஊற்ற வந்தவரிடம் போதும் என்று கையை நீட்டிவிட்டு எழுந்தேன்.

மழை விட்டதும் பிளக்ஸை நன்றாகத் துடைத்து, உன் முகம் மடிப்பில் விழாதபடி சுருட்டிப் பரணில் வைத்தேன். தனியாகச் சுருட்டுவது கஷ்டமாகத்தான் இருந்தது. அவருக்கு ஒரு போன் போடலாமா என்று நினைத்தேன். போடவில்லை. உன்னைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை, மாப்ள. உனக்கு வந்த நோயைக்கூட என்னிடம் சொல்வதற்கு ஒரு வாரம் முன்னால் அவரிடம் சொல்லியிருக்கிறாய். இந்த ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது. நல்லவனாகக் காட்டிக்கொள்ள அதை நான் மறைக்கவில்லை. உனக்கும் எனக்கும் மட்டுமாக மிச்சமிருப்பது அது ஒன்றுதான், அதையும் அவருக்குப் பங்கு வைக்க எனக்கு மனமில்லை.

சாயங்காலம், கிழக்கு ரிங். வெயில் கூசியது உன் கண்ணில்தான். அதனால்தான் நெற்றியில் கை வைத்திருந்தாய். என் முதுகில்தான் அடித்தது வெயில். நீ நின்றது எனக்கு நன்றாகத் தெரிந்தது.