குறையாத அப்பம்

நவம்பர் 14, வியாழன்

ஆலயக் குழுக் கூட்டம். பாதி நேரம் ஆலயத்தைச் சூடாக்கும் பாய்லருக்கே போனது. புதிது வாங்க வேண்டும் என்கிறான் கார்ல். இந்தக் குளிர்காலத்தை இதை வைத்தே ஓட்டிவிடலாம் என்கிறார்கள் மற்றவர்கள். எல்லாரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொன்னார்கள்.

புதுக் குருவானவரைத் தேடும் பேச்சு கடைசியில் வந்தது, வந்த வேகத்தில் போனது. ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. இருந்தவர் ஆகஸ்டிலேயே, வெயில் அடிக்கிற ஊராகப் பார்த்துப் போய்விட்டார். அவரைக் குறை சொல்வானேன்? இந்த ஏரிக்கரைப் பனிக்கு ஆசைப்பட்டு யார் வருவார்கள்?

ஆலய நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் மூத்த வார்டன் என்று எனக்குப் பெயர். சாவிக்கொத்தும் வசவும்தான் மிச்சம்.

நவம்பர் 17, ஞாயிறு

ஃபாதர் எமெட்டுக்கு இடுப்பு வலி, வரவில்லை. ஓய்வு பெற்ற மனிதர், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து நடத்திக் கொடுப்பதே பெரிய காரியம். அவர் வராத ஞாயிறுகளில் நான்தான் காலை ஜெபம் நடத்துகிறேன். அப்பத்தையும் திராட்சரசத்தையும் கிறிஸ்துவின் உடலாக, இரத்தமாகப் பிரதிஷ்டை செய்வது குருவானவருக்கு மட்டுமே உரியது, நான் செய்ய முடியாது. ஆசீர்வாதமும் சொல்லக் கூடாது. பாவமன்னிப்பில் "உங்களை" என்று வரும் இடத்தில் "எங்களை" என்று மாற்றிச் சொல்லிவிட்டு, சபையோடு சபையாக நானும் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

ஆர்கன் மூடியே கிடந்தது. அதை வாசிக்கும் லோயிஸ் இல்லாமல் பாடிய பாட்டு ஆளுக்கொரு திசையில் போயிற்று.

நவம்பர் 19, செவ்வாய்

லோயிஸுக்குத் திருவிருந்து கொண்டுபோனேன். பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன அலமாரி, அதற்குள் வெள்ளிப் பெட்டி. குருவானவர் பிரதிஷ்டை செய்த அப்பத்தில் மிஞ்சுவதை வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்காக அதில் வைத்திருக்கிறோம். எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க மட்டும் எனக்கு அனுமதி உண்டு.

மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். மகள் பெத் சிகாகோவிலிருந்து வந்து கூடவே இருக்கிறாள். லோயிஸ் பாதியாகிவிட்டாள், வாய் மட்டும் குறையவில்லை. போன ஞாயிறு எந்தப் பாட்டை யார் கெடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டாள். அப்பத்தை நாக்கில் வாங்கியதும் அடங்கிப் போனாள். ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

கிளம்பும்போது கையைப் பிடித்தாள். "இனிமே எனக்கு மருந்து ஒண்ணும் வேணாம்டி. செவ்வாய்க்கிழமையானா நீ வந்துடு, அது போதும்."

நவம்பர் 26, செவ்வாய்

லோயிஸ், பிறகு முதியோர் இல்லத்தில் மூன்று பேர். எல்லா இடத்துக்கும் போய் வந்தும் பெட்டி நிறையவே இருக்கிறது. ஃபாதர் எமெட் கடைசியாக வந்தது அக்டோபரில் இல்லையா? என்னவோ. பாய்லர்காரன் வந்து வாசலில் நின்றான், ஓடினேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

ஆராதனை முடிந்து கூடத்தில் காபி. மேவிஸ் எலுமிச்சைக் கேக் செய்து கொண்டு வந்திருந்தாள். புருஷன் போன பிறகு மெதடிஸ்ட் சபையிலிருந்து எங்களிடம் வந்தவள். பீட வேலைக்கு ஆளே இல்லாமல் போனதால், இலையுதிர்காலத்தில் அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுத்தேன். துணிகளை அவள் இஸ்திரி போடுகிற மாதிரி இந்த ஊரில் யாரும் போட்டதில்லை. கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லை. குருவானவர் போய்விட்டார், எனக்கோ தலைக்கு மேல் வேலை.

கேக்கைத் தின்றுகொண்டே விளையாட்டாகத்தான் சொன்னேன், நம் அலமாரி அப்பம் வேதத்தில் வரும் சாறிபாத் விதவை வீட்டு மாப்பானை மாதிரி குறையவே மாட்டேன் என்கிறது என்று.

மேவிஸின் முகம் மலர்ந்துவிட்டது. "எப்படிக் குறையும்? நான்தான் வாராவாரம் புது அப்பப் பாக்கெட்டைப் பிரிச்சுப் போட்டு வைக்கிறேனே. பாவம், முடியாதவங்களுக்குப் போறது, இல்லேன்னு ஆகிடக் கூடாதுல்ல?"

எந்தக் குருவானவரும் பிரதிஷ்டை செய்யாத வெறும் அப்பம். அவளிடம் என்ன சொல்வது? நல்ல கேக் என்றேன்.

டிசம்பர் 2, திங்கள்

ஃபாதர் எமெட்டுக்கு ஃபோன் செய்தேன். முதலில் சிரித்தார். எது பிரதிஷ்டை செய்தது, எது பாக்கெட்டிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியுமா என்று பிறகு கேட்டார். எல்லாம் ஒரே வெள்ளை வட்டம், ஃபாதர். எப்படிப் பிரிப்பேன்? அலமாரியைப் பூட்டிவிடு, இனி யாருக்கும் அதிலிருந்து கொடுக்காதே, சனிக்கிழமை நானே வருகிறேன் என்றார்.

நாளை செவ்வாய்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஏதாவது சாக்கு சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சாவி தொலைந்துவிட்டது, சாலை வழுக்கியது, ஏதோ ஒன்று. லோயிஸ் என் வெறுங்கையைப் பார்த்தாள். இவளிடம் எனக்குப் பொய் வராது. சொல்லிவிட்டேன்.

"அப்போ இத்தனை வாரமா எனக்கு வெறும் பிஸ்கட்டைக் கொடுத்துட்டுப் போயிருக்க," என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, பெத் ஓடி வந்து தலையணையை உயர்த்தி வைத்தாள். எல்லாம் அப்படி இருக்காது, முதலிலிருந்த நல்லதும் கலந்துதான் இருந்திருக்கும் என்றேன். எவ்வளவு அசட்டுத்தனம்! கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்றும் சொல்லி வைத்தேன்.

"கடவுளுக்குத் தெரியும்டி. எனக்குத் தெரிய வேணாமா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஏன் சொன்னேன்? யாரைக் காப்பாற்றச் சொன்னேன்? அவளையா, என்னையா? வழக்கம்போல பெட்டியோடு போய் நின்றிருந்தால் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

கதவு வரைக்கும் போனவளைக் கூப்பிட்டு ஒன்று மட்டும் சொன்னாள். "மேவிஸ்கிட்ட மூச்சு விடாத. அவ தாங்க மாட்டா."

டிசம்பர் 5, வியாழன்

பனி. விடாமல் கொட்டுகிறது. விரிகுடாச் சாலையை மூடிவிட்டார்கள். சனிக்கிழமை இல்லை, ஞாயிறு பார்க்கலாம் என்கிறார் ஃபாதர் எமெட். நான் என்ன, மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்ச் சாலையையா திறக்க முடியும்?

டிசம்பர் 6, வெள்ளி

அவரே காலையில் கூப்பிட்டார். மனதார விரும்பியும் நோயின் கொடுமையால் வாயில் வாங்க முடியாதவரும் திருவிருந்து வாங்கினவரே, ஒரு குறையும் இல்லை என்று ஜெபப்புத்தகத்தில் இருக்கிறது, அதை லோயிஸுக்கு எடுத்துச் சொல் என்றார். பனியில் கால் புதையப் புதைய நடந்து போய்ச் சொன்னேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "அது முழுங்க முடியாதவங்களுக்கு எழுதினது. நான் காலையிலகூட ஆப்பிள் கூழ் முழுங்கினேன். பெத்தைக் கேளு."

பெத் தலையாட்டினாள்.

டிசம்பர் 7, சனி

இன்று தண்ணீரும் இறங்கவில்லை. பெத் பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கிறாள். ஜெபப்புத்தக வரியை இன்னொரு தரம் சொல்லவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

எழுத வேண்டுமா இதை?

சாலையைத் திறந்துவிட்டார்கள். பனி தள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்து சேர்ந்தார் ஃபாதர் எமெட். ஆலய வாசலில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "நீதான் வார்டன், சொல்லு. முதல்ல லோயிஸ் வீடா, ஆராதனையா?" என்று கேட்டார்.

உள்ளே இத்தனை பனியிலும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். திருவிருந்து கண்டு இவர்களுக்கும் மாதக்கணக்காயிற்று. இரவு நிம்மதியாகத் தூங்கினாள் என்று பெத் சொல்லியிருந்தாள். பீடத்திலிருந்து நேரே நோயாளியிடம் கொண்டுபோவதுதானே எங்கள் வழக்கம்? சபை உண்ட அதே அப்பம். பஞ்சில் ரசத்தைத் தொட்டு வைத்தால்கூடப் போதும். தன்னால் ஆராதனை தாமதமானது என்று தெரிந்தால் அவளே என்னைக் கிழித்துவிடுவாள். இதெல்லாம் அப்போது சரியாகத்தான் பட்டது. இப்போதும் எங்கே தப்பு என்று பிடிபடவில்லை.

"ஜனங்க காத்திருக்காங்க ஃபாதர். முடிஞ்சதும் நேரா போயிடலாம்," என்றேன்.

கடைசிப் பாட்டு முடியும்வரைகூடக் காத்திராமல் கிளம்பினோம். அப்பமும் ரசமும் என் மடியில், அவர் வண்டி ஓட்டினார். லோயிஸ் வீட்டு வாசற்படியில் பெத் கோட்டுகூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இப்பத்தான், இப்பத்தான் என்று மட்டும் சொன்னாள்.

ஃபாதர் எமெட் உள்ளே போய் இறந்தவர்களுக்கான ஜெபத்தைச் சொன்னார்.

டிசம்பர் 9, திங்கள்

பாய்லர் நின்றுவிட்டது. நிற்கட்டும்.

டிசம்பர் 12, வியாழன்

லோயிஸை அடக்கம் செய்தோம். நிலம் உறைந்து கிடந்தது, தோண்டியவர்கள் பாவம். ஆர்கன் வாசிக்க ஆளில்லை, வெறும் குரலில் பாடினோம். நன்றாகவே பாடினோம். அவள் நம்பியிருக்க மாட்டாள்.

எல்லாரும் கூடத்துக்குப் போன பிறகு ஃபாதர் எமெட் அலமாரியைத் திறக்கச் சொன்னார். சந்தேகத்தில் இருக்கும் அப்பத்தைக் குப்பையில் போட முடியாது, நல்லது என்று யாருக்கும் கொடுக்கவும் முடியாது. தின்றுதான் தீர்க்க வேண்டும். இருவரும் அங்கி மாற்றும் அறையில் நின்று கைப்பிடி கைப்பிடியாகத் தின்றோம். மேவிஸ் தாராளமாகவே போட்டிருந்தாள். அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே போக மறுத்தது. பாதியில் அவர் தண்ணீர் கேட்டார். எனக்கு அழுகை வந்தது, வாய் நிறைய இருந்ததால் சத்தம் வரவில்லை. அவர் என் முதுகில் தட்டிவிட்டு மிச்சத்தையும் தானே தின்று முடித்தார்.

பெட்டி இப்போது காலி. இன்றைய அடக்க ஆராதனையில் பிரதிஷ்டை செய்ததை எண்ணி உள்ளே வைத்தோம். இனி அதில் எதுவும் சேர்க்கக் கூடாது, புது விதி என்று மேவிஸிடம் ஃபாதரே பொதுவாகச் சொல்லிவிட்டார். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

கூடத்தில் கூட்டம் கலைந்ததும் மேவிஸ் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். நான் துணியோடு பக்கத்தில் போய் நின்றேன். கண் சிவந்திருந்தது அவளுக்கு. பாத்திரத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஒண்ணுதான் எனக்கு ஆறுதல், ஆர்டிஸ். கடைசி வரைக்கும் லோயிஸுக்கு அது கிடைக்காம போகல. ஒரு வாரம்கூட இல்லேன்னு ஆக விடல நான்."

"ஆமா மேவிஸ்," என்றேன். "நீதான் பாத்துக்கிட்ட."

ஈரக் கோப்பையை என்னிடம் நீட்டினாள். வாங்கித் துடைத்தேன்.