இடது லைற்றில் உன் பெருவிரல்

மச்சான்,

போன சனிக்கிழமை காலை உன் மகள் தாயையும் ஏற்றிக்கொண்டு காரைக் கொண்டுவந்து என் வளவுக்குள் தகரக் கொட்டிலின் கீழ் நிறுத்தினாள். கிட்டப் போனால் கராம்பு வாசம். யாரோ காருக்குப் பல் விளக்கிவிட்டது போல. குனிந்து பார்த்தேன். இரண்டு ஹெட்லைற்றுகளின் ஓரத்திலும் பற்பசை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. நீ போய்ப் பதினொரு மாதம். உன்னுடைய வைத்தியம் இன்னும் சாகவில்லை.

"அப்பா சொல்லித் தந்தவர் மாமா. ரெண்டு கிழமைக்குப் பளிச்செண்டு இருக்கும்" என்றாள்.

இரண்டு கிழமைக்கு. மூன்றாம் கிழமை என்ன ஆகும் என்று நீ ஒரு நாளாவது யோசித்ததுண்டா? எத்தனை தரம் சொன்னேன், அது கண்ணாடியில்லை, பிளாஸ்டிக் என்று. கார் செய்கிறவன் அதற்கு மேல் மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசி அனுப்புகிறான். வெயிலும் உப்புக் காற்றும் தின்பது அந்தப் பூச்சைத்தான். மஞ்சளாகத் தெரிவதும் அதுதான். பற்பசை போட்டுத் தேய்த்தால் மஞ்சளும் போகும், மிச்சப் பூச்சும் போகும். ஒருவனுடைய தோலை உரித்துவிட்டு, போய் வெயிலில் நில் என்பது மாதிரியான வேலை. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்பாய். கேட்டுவிட்டுப் போய், உள்துறைமுக வீதி வாடகைக் கார் ஸ்டாண்டில் மரநிழல் சும்மா கிடக்க, காரின் மூக்கைக் கடலுக்கு நேரே காட்டி நிறுத்துவாய். பின்னேர வெயில் முழுவதும் நேரே லைற்றில். ஏனடா என்றால், கடலைப் பார்த்து நின்றால்தான் ஹயர் வரும் என்பாய். யார் வருவது, மீனோ என்று கேட்டால் அதற்கும் ஒரு சிரிப்பு.

உன்னோடு கதைத்துக் கதைத்தே என் தொண்டை போனது. இப்போது எழுதவும் வைத்துவிட்டாய். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, பெயின்ட் அடிக்கிற பிரஷ் பிடிப்பது சுகம், பேனை பிடிப்பது கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

மகள் சும்மா வரவில்லை. அவளுக்குத் தம்பலகாமத்தில் நேர்ஸ் வேலை. முடித்துக்கொண்டு புறப்பட ஏழு மணியாகும். இது மழைக்காலம், அதற்கு முன்னரே இருட்டிவிடும். சனிக்கு முந்தின வியாழக்கிழமை கண்டி வீதியில் வந்துகொண்டிருந்தவளுக்கு, உன் பற்பசை வெளிச்சத்தில் முன்னால் ஒன்றுமே தெரியவில்லை.

"யானை நிண்டது மாமா. அதுவும் கறுப்பு, ரோட்டும் கறுப்பு. பிரேக் அடிச்ச பிறகுதான் வாலைக் கண்டனான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உன் பிள்ளைதானே. ஆனால் நான் கேட்க முன்னரே கார்த் திறப்பை என் கையில் வைத்துவிட்டாள். பற்பசையைப் பற்றி நான் எடுத்து வைத்திருந்த நாலைந்து பகிடிகளை அப்படியே விழுங்கிவிட்டேன். இன்றைக்கே செய்துவிடுகிறேன் பிள்ளை, ஆனால் நாளைக்குத்தான் கார் தருவேன் என்றேன்.

வலது லைற்றில் கரைச்சல் இல்லை. சுற்றிவர ஒட்டுத்தாள் ஒட்டி, தண்ணீர் ஊற்றி, எண்ணூறாம் நம்பர் அரத்தாளால் தேய்த்தேன். மஞ்சள் தண்ணீர் ஓடி முடிந்ததும் ஆயிரத்து ஐந்நூறு, பிறகு இரண்டாயிரம். அந்த நேரத்தில் பார்த்தால் லைற் முழுவதும் பால் ஊற்றினது போல வெளுத்து, முன்பிருந்ததைவிட மோசமாகத் தெரியும். நீ வழக்கமாக அந்த இடத்தில்தான் வந்து நின்று, "கெடுத்துப் போட்டாய்" என்பாய். ஒவ்வொரு தரமும் சொல்வாய். பிறகு கொம்பவுண்ட் போட்டு மெருகேற்றினால் தண்ணீர் மாதிரித் தெளியும். அதையும் ஒவ்வொரு தரமும் புதினம் பார்ப்பாய்.

வலதை முடித்துவிட்டு, பலகையை இழுத்துப்போட்டு இடது லைற்றுக்கு முன்னால் குந்தினேன். குந்தியபடியே இருந்தேன். நடுவில் உன் பொட்டு.

ஆறு வருஷத்துக்கு முந்தின சரஸ்வதி பூசை அன்று ஸ்டாண்டில் நின்ற கார் எல்லாவற்றுக்கும் வாழைக்குட்டி கட்டியிருந்தது. பூசைக்குப் புதுசாக இருக்கவேண்டும் என்று நீ நின்ற நிலையில் பிடிவாதம் பிடித்ததால், அன்று காலைதான் உன் லைற் இரண்டுக்கும் மேல்பூச்சு அடித்தேன். அந்தக் கிளியர் காய மற்ற நாள் காலை வரை வேண்டும். ஐயர் அடுத்த இடத்துக்குப் போக அவசரப்படுகிறார். நல்ல நேரம் முடியப் போகிறது. நீ சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறாய். பொட்டைக் கதவில் வையேன் என்றார்கள். காருக்கு நெற்றி இல்லை, கண்ணில்தான் வைக்கவேண்டும் என்று நீயே ஒரு சாத்திரம் சொன்னாய். பெருவிரலால் சந்தனத்தை அழுத்தி, அதன்மேல் குங்குமத்தையும் அழுத்தினாய். விரலை எடுக்கிறாய், சீனிப்பாகு மாதிரி நூல் இழுபடுகிறது. பின்னேரம் ஆகும்போது பொட்டு கிளியருக்குள் இறுகிக் கல்லாகிவிட்டது. உன் விரல் ரேகை சகிதம்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் எனக்கு வேறு கதை தேவைப்படவில்லை. உன் காருக்குப் பொட்டுக்காரி என்று பெயர் வைத்தேன். வேலை முடிந்து ஸ்டாண்டில் உன்னோடு குந்தியிருக்கும்போது, ஹயருக்கு வந்தவன் லைற்றைப் பார்த்தாலே கூப்பிட்டு வைத்துச் சொல்வேன். நீ விரலைத் தூக்கிக்கொண்டு நின்றதையும், பெற்றோலில் கழுவிவிட்டு அந்த மணத்தோடு பொங்கல் தின்றதையும் நடித்துக் காட்டுவேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, "விடன்ரா" என்பாய். உன் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில்கூட அந்தக் கதையைத்தான் சொன்னேன். சனம் அழுத கண்ணோடு சிரித்தது. உன் மனிசியும் சிரித்தபடி என் இலையில் இன்னொரு அகப்பை பாயசம் விட்டா.

கதையில் ஒரு வரியை மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை. பொட்டு வைக்க முன்னர் நீ திரும்பி, "மச்சான், காய்ஞ்சிட்டுதோ?" என்று என்னைக் கேட்டாய். நான் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் இலையோடு நின்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், ஓம் ஓம், காய்ஞ்சிட்டுது என்றேன்.

அவ்வளவுதான். பூச்சு அடித்தவன் நான். காயாது என்று தெரிந்தவனும் நான். ஐந்து வருஷமாக ஊர் சிரித்தது உன்னைப் பார்த்து.

அந்தப் பூசைக்குப் பிறகு வந்த வருஷங்களில் வலது லைற்றை இரண்டு தரம் திரும்பச் செய்தேன். இடதைத் தொட நீ விடவில்லை, கிடக்கட்டும் என்றாய். கிடந்தது. சுற்றிவர மஞ்சளாகி வெடித்து, பொட்டு மட்டும் சிவப்பாக.

அரத்தாளை நனைப்பதும் பிழிவதுமாக அரை மணித்தியாலம் போனது. மகள் வந்து என்ன மாமா என்றாள். இது உன் அப்பாவின் விரல் பிள்ளை, ரேகை தெரிகிறது பார் என்றேன். பொட்டைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டி, அதை விட்டுவிட்டு மிச்சத்தைத் தெளியவைக்கலாம், வெளிச்சம் கொஞ்சம்தான் குறையும் என்றும் சொன்னேன். அவள் குனிந்து, தன் பெருவிரலை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பில்லை.

"அது அப்பாட விரல் எண்டு யானைக்குத் தெரியுமோ மாமா? தேய்ச்சு விடுங்கோ."

சரி. ஆனால் அந்த வரியைச் சொல்லாமல் தேய்க்க எனக்குக் கை வரவில்லை. என் குசினியில் கதைத்துக்கொண்டிருந்த உன் மனிசி தேத்தண்ணியோடு வெளியே வந்தா. இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னேன். நீ கேட்டதையும், நான் பார்க்காமல் ஓம் என்றதையும். எவ்வளவு ஏச்சானாலும் வாங்குவது என்றுதான் நின்றேன்.

உன் மனிசி தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டுச் சொன்னா: "தெரியும் அண்ணை. அண்டைக்கே வந்து சொன்னவர். அவன் பானையைப் பாத்துக்கொண்டுதான் ஓம் எண்டவன் எண்டு."

பிறகு ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்றேன்.

"நானும் கேட்டனான். சொல்லிக் காட்டினா அவன் வாயை மூடிடுவான், பிறகு ஸ்டாண்டில இருந்து கடலையோ பாக்கிறது எண்டார்."

மச்சான், உனக்கு விசரா? ஐந்து வருஷம். நான் உன்னைப் பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னடா என்றால், அழுகிற பிள்ளையின் கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்த மாதிரி அந்தக் கதையை எனக்குத் தந்துவிட்டு, தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். யார் கேட்டது உன்னிடம் இந்தப் பெருந்தன்மையை? இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் சட்டையைப் பிடித்துச் சண்டையாவது போட்டிருப்பேன். இப்போது எங்கே வந்து போடுவது?

அந்தக் கோபத்திலேயே தேய்த்தேன். சந்தன வாசம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை, வெறும் பிளாஸ்டிக் மணம். சிவப்புத் தண்ணீர் பம்பர் வழியாக ஓடி என் கால் விரலை நனைத்தது. ரேகை ஓரத்திலிருந்து கரைந்து, நடுவில் இருந்த சின்னச் சுழி மட்டும் கடைசி வரை நின்றது. உன்னைப் போலவே பிடிவாதம். அதுவும் போனது. கண் கலங்கினதுக்குத் தூசி என்று சொல்லலாமா என்று பார்த்தேன். தண்ணீர் ஊற்றித் தேய்க்கும்போது தூசி ஏது?

வலதுக்கும் இடதுக்கும் ஒன்றாகக் கிளியர் அடித்துவிட்டு, இருவரையும் பஸ்ஸில் அனுப்பினேன். அன்று முழுவதும் கோழி ஒன்றையும் கொட்டிலுக்குக் கிட்ட அண்ட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். உன் மனிசியின் கையில் சந்தனக் கிண்ணம். என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அண்ணை, காய்ஞ்சிட்டுதோ?" என்று கேட்டா.

நான் எழும்பிப் போனேன். குனிந்து, கீழ் ஓரத்தில் சின்னவிரலால் தொட்டேன். ஒட்டவில்லை. மற்றதையும் தொட்டேன். பிறகுதான் ஓம் என்றேன். அவ லைற்றைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பொட்டைக் கொண்டுபோய் பொனற் தகரத்தில் வைத்தா. உன்னோடு குடும்பம் நடத்தியவ, கெட்டிக்காரி.

செவ்வாய்க்கிழமை மகள் போன் எடுத்தாள். யானையைத் தூரத்திலேயே கண்டு நிறுத்தி, அது ஆறுதலாக வீதியைக் கடக்கும் வரை காத்திருந்து வந்தாளாம். காது இரண்டும் தெரிந்ததாம்.

எனக்குத்தான் புது வருத்தம் ஒன்று பிடித்திருக்கிறது. நேற்று என் மனிசி குசினிக்குள் இருந்து, கொடியில் போட்ட சாரம் காய்ஞ்சிட்டுதோ என்று கேட்டா. முந்தியென்றால் கதிரையில் இருந்தபடியே ஓம் என்றிருப்பேன். எழும்பிப் போய் நாலு மூலையையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று அவவுக்குச் சந்தேகம். எல்லாம் உன்னால்தான்.